கைகோத்துக்கிட்டு இருக்குதுங்க

கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை என்று தங்கேஸ்வரன் ஒரு கணக்கு வைத்துக்கொண்டான். யாரும் சொல்லிக்கொடுத்த கணக்கு இல்லை. ஸ்கேன் சென்டர் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்த உடனே அவனாகப் போட்டுக்கொண்டது. மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்போது எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே. கலா உள்ளே போய்ப் படுத்தபோது ஒரு தடவை கேட்டது, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல், சேலையை ஒதுக்கியிருப்பாள், கலகலவென்று கேட்டது. அதற்கப்புறம் இல்லை. கையைத் தலைக்கு மேலே வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள், அந்தக் களிம்பைத் தடவியிருப்பார்கள், ஐஸ் மாதிரி இருக்குங்க என்பாள் ஒவ்வொரு தடவையும், உள்ள இருக்கிறதுக குளிர்ல முழிச்சுக்கிட்டு ஓடுதுக என்பாள். முழித்துக்கொள்ளட்டும். இன்றைக்கு இரண்டும் முழித்துக்கொள்ள வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம். காலையில் அவன் காபி ஆற்றிக்கொண்டு நின்றபோது கலா அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு, இடப்பக்கத்து ஆளு சத்தமே இல்லைங்க என்றாள், பால்காரர் இன்னும் வரவில்லை என்று சொல்கிற அதே குரலில். கல்யாணமாகி எட்டு வருஷம், போகாத கோயில் இல்லை, ஊசி போடாத இடம் இல்லை என்று ஆன பிறகு வயிற்றில் வந்து உட்கார்ந்தவை இரண்டு. இடப்பக்கத்துக்குத் தூங்குமூஞ்சி, வலப்பக்கத்துக்கு வாலு என்று அவளே பேர் வைத்திருந்தாள். தூங்குமூஞ்சிதானே, தூங்கும் என்றான் தங்கேஸ்வரன். சொன்னானே தவிர அதோடு விடவில்லை. காபியில் இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டான், இனிப்புக்கு எழுந்துகொள்ளும் என்று. அவள் குடித்தாள். இந்தப் பக்கம் சாய்ந்து படுத்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்ந்து படுத்துப் பார்த்தாள். வாலு உதைத்தது. தூங்குமூஞ்சி எழுந்திருக்கவில்லை. போய் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துருவோமே என்று அவள்தான் சொன்னாள். அவன் சட்டையை மாட்டினபோது பித்தானை மாற்றிப் போட்டான், ஆட்டோவில் வரும்போது அவள்தான் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

எதிர்ச் சுவரில் ஒரு பலகை இருந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லமாட்டோம், கேட்பது குற்றம் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. இங்கிலீஷ் வாக்கியத்தில் ஒரு தப்பு இருந்தது. தங்கேஸ்வரன் அதை மனசுக்குள் திருத்தினான், திருத்திவிட்டுத் திரும்பவும் படித்தான், திரும்பவும் திருத்தினான். வாத்தியார் புத்தி எங்கே போகும். தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் கடை மாடியில் தங்கேஸ் ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று போர்டு வைத்து வருஷம் பல ஆகிவிட்டது. நர்சிங் படிக்கிற பெண்கள், பேங்க் பரீட்சைக்காரர்கள், துபாய்க்குக் கிளம்புகிற டிரைவர்கள், எல்லாரும் அவனுக்கு முன்னால் வந்து வாயைத் திறந்திருக்கிறார்கள். வாய்தான் அவனுக்குச் சோறு போட்டது. தினம் ஒரு வார்த்தை என்பது அவனுடைய முறை. அர்த்தம் முக்கியமில்லை, அர்த்தம் எந்தக் கழுதைக்கும் தெரியும், ஒரு வார்த்தை எந்த வார்த்தைக்குப் பக்கத்தில் உட்காரும், எதற்குப் பக்கத்தில் உட்காராது என்று தெரிய வேண்டும், அதுதான் பாஷை என்பான். மாப்பிள்ளை பார்க்கப் போகிற மாதிரி, பையனை மட்டும் பார்த்தால் போதுமா, அவன் யாரோடு சேருகிறான் என்று பார்க்க வேண்டாமா என்பான். பெண்கள் சிரிப்பார்கள். அந்த வரிசையில் ஒருநாள் வந்த வார்த்தைதான் இன்டர்ட்வைன். ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்வது. கையை உயர்த்தி இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டினான். கொடிகள் பின்னிக்கொள்ளும், வேர்கள் பின்னிக்கொள்ளும், காதலர்கள் விரல் பின்னிக்கொள்ளும், இரண்டு பேர் விதி பின்னிக்கொள்ளும், இரண்டு ஊர்களின் கதை பின்னிக்கொள்ளும், தெயர் லைவ்ஸ் ஆர் இன்டர்ட்வைன்ட், எழுதிக்கோங்க. ஒருத்தர் செய்ததாகச் சொல்வதைவிட, ஆகிவிட்டதாகத்தான் அதிகம் சொல்வார்கள், யாரும் போய்ப் பின்னுவதில்லை, பார்க்கும்போது பின்னிக் கிடக்கும். சார், நூல் சிக்கலுக்கு இதைச் சொல்லலாமா என்று கேட்டது ஒரு பெண். கூடாது என்றான். சிக்கலுக்கு வேறு வார்த்தை இருக்கிறது. இது நல்ல வார்த்தை, இதுக்குப் பக்கத்தில் கெட்டது எதுவும் வந்து உட்காராது. அப்படித்தான் சொன்னான், அதே வாயால், கையில் சாக்பீஸோடு. சாக்பீஸ் பொடி இப்போதும் பேண்ட் மடிப்பில் இருந்தது. அதைத் தட்டினான், போகவில்லை.

பக்கத்து நாற்காலியில் மாமியார் பாண்டியம்மாள் உட்கார்ந்திருந்தாள், மடியில் பிளாஸ்கை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. வளைகாப்புக்காக ஆண்டிபட்டியிலிருந்து வந்தவள் இன்னும் ஊர் திரும்பவில்லை. அவளுக்குப் பயமில்லை. பயப்படுவதற்கு அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண், முதல் ஸ்கேனுக்கு வந்திருப்பாள் போல, வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருப்பார்கள், பாட்டிலைத் திறப்பதும் ஒரு வாய் குடிப்பதும் மூடுவதுமாக இருந்தாள். தெரியாத ஆளிடம் ஐந்து நிமிஷத்தில் உறவு கொண்டாடிவிடுவாள் பாண்டியம்மாள். எத்தனாவது மாசந்தா, யார் கூட வந்திருக்க, வீட்டுக்காரரு என்ன செய்றாரு என்று வரிசையாகக் கேட்டு முடித்துவிட்டுத் தன் கதைக்கு வந்தாள். வந்துவிடும் என்று தங்கேஸ்வரனுக்குத் தெரியும், வரக் கூடாது என்று பலகையைப் படித்தான், ஆனாலும் வந்தது. எம்மகளுக்கு ரெட்டைத்தா, உள்ள ரெண்டும் கைகோத்துக்கிட்டு இருக்குதுங்க, ஸ்கேன்ல பார்த்துட்டு டாக்டரம்மாவே சொன்னாங்க, எங்க மாப்ள இங்கிலீஷ் வாத்தியாரு, அவருகிட்டதான் இங்கிலீஷ்லயே சொன்னாங்க, அது என்னமோ ஒரு வார்த்தை, என்ன மாப்ள அது என்று அவன் பக்கம் திரும்பினாள். சின்னப் பெண்ணும் பாட்டிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தது. தங்கேஸ்வரன் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மறந்துருச்சு அத்தை என்றான். வாத்தியாருக்கே மறந்துருச்சாம் பாரு என்று அவள் சிரித்தாள், அந்தப் பெண்ணும் சிரித்தது. இவள் இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள், ஆண்டிபட்டியில் ஒரு தெரு பாக்கி இருக்குமா. பஸ்ஸில் சொல்லியிருப்பாள், வளையல் கடையில் சொல்லியிருப்பாள், குலசாமிக்கு முன்னால் நின்று சொல்லியிருப்பாள், சாமி, கைகோத்தபடியே வெளியே கொண்டாந்து விடு என்று. அவன் செய்த வாக்கியம் அது. அவனுடைய வாக்கியங்களில் இவ்வளவு தூரம் போனது வேறு எதுவும் இல்லை.

அந்த வாக்கியம் அப்படியே வந்துவிடவில்லை. டாக்டரம்மா அவனை மட்டும் கூப்பிட்டு, இங்கிலீஷும் தமிழுமாகத்தான் சொன்னார், ஆறாம் மாசத்து ஸ்கேன் முடிந்து கலா உள்ளே சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது. நீங்க இங்கிலீஷ் வாத்தியாராமே, நல்லதாப் போச்சு, பேஷன்டைப் பயமுறுத்த வேண்டாம், நான் உங்ககிட்ட சொல்லிடறேன், நீங்க பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. ரெண்டு குழந்தையும் ஒரே பையில இருக்கு, நடுவுல தடுப்பே இல்லை, ரொம்ப அபூர்வம் இது. அதனால தொப்புள்கொடி ரெண்டும் இன்டர்ட்வைன் ஆகியிருக்கு. இறுகாத வரைக்கும் பிரச்சனை இல்லை, எப்ப இறுகும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஏழாம் மாசம் ஆரம்பிச்சதுமே மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்துருங்க. தினம் இதயத்துடிப்பு பார்க்கணும், கொஞ்சம் இறங்கினாலும் உடனே எடுத்துரலாம், வீட்ல இருந்தா யாருக்குத் தெரியும். எல்லாம் கேட்டது. ஒரு எழுத்து விடாமல் கேட்டது. காது கேட்கவில்லை, புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை, அவனைவிடப் புரிந்துகொள்ள அந்த ஊரில் ஆள் யார். ஆனால் பாவி மனசு என்ன செய்தது, அத்தனையிலும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டது. இன்டர்ட்வைன் என்றுதான் சொன்னார். சிக்கல் என்று சொல்லவில்லை. நிஜமாகவே கெட்டதாக இருந்தால் வேறு வார்த்தை அல்லவா போட்டிருப்பார், படித்தவர், வார்த்தைக்கு வார்த்தை வித்தியாசம் தெரியாதவரா. இப்படி ஒரு புத்தி எந்த மளிகைக்கடைக்காரனுக்காவது வருமா, வாத்தியாருக்குத்தான் வரும். வெளியே வந்து கரும்புச்சாறு வண்டி நிழலில் நின்றபோது கலா கேட்டாள், என்ன சொன்னாங்க. வண்டிக்காரர் ஒரு கரும்பை மடக்கி, மடக்கினதையே திரும்ப மடக்கி உருளைக்குள் விட்டார். தங்கேஸ்வரன் இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டினான், வகுப்பில் காட்டினது போலவே. ரெண்டும் கைகோத்துக்கிட்டு இருக்குதாம் என்றான். வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகுதான் அது பொய் என்று தெரிந்தது, அதற்குள் அவள் முகம் மலர்ந்துவிட்டது. மலர்ந்ததா. ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள், அப்புறம்தான் சிரித்தாள். அந்த ஒரு நிமிஷம் எதற்கு என்று அன்றைக்கு அவன் யோசிக்கவில்லை, இப்போதுதான் நினைவுக்கு வருகிறது, இவ்வளவு நாள் எங்கே இருந்தது அது.

இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் இருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கும் ஒரு யோசனை இருக்கும், எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று. ஏழாம் மாசம் பிறந்தது. ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்றால் ஏன் என்று கேட்பாள், ஏன் என்று கேட்டால் கொடியைச் சொல்ல வேண்டும், கொடியைச் சொன்னால் கையை வாபஸ் வாங்க வேண்டும். இடையில் வளைகாப்பு வந்தது. எட்டு வருஷமாக அடுத்தவர்கள் வளைகாப்பில் கலா பின்வரிசையில் நின்றிருக்கிறாள். வளையல் போட வாங்க என்று அவளைக் கூப்பிட மாட்டார்கள், வாய்விட்டு யாரும் சொல்வதில்லை, தாம்பாளம் அவளிடம் வரும்போது தானாகப் பக்கத்து ஆளிடம் போய்விடும். அவளும் உள்ளே போய்ச் சோறு வடிக்கிறவர்களுக்கு ஒத்தாசை செய்வாள். ஒரு தடவை அவன் பார்த்திருக்கிறான், சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, யாரோ உடைத்துப்போட்ட ஒரு பச்சை வளையல் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு வளைகாப்பு நடக்க வேண்டாமா, நடக்கட்டும், முடிந்த மறுநாளே மதுரை, இல்லை, சொந்தக்காரர்கள் கிளம்பினதும் மதுரை, அடுத்த வாரம் திங்கட்கிழமை மதுரை. ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மணையில் அவள் உட்கார்ந்திருந்தாள், கன்னத்தில் சந்தனம் வழிந்தது. முதலில் வேப்பிலைக் காப்பு போட வேண்டும் என்று பாண்டியம்மாள் வேப்பங்கொத்தில் இரண்டு இளங்குச்சிகளை உருவி எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றை முறுக்கினாள், முறுக்கி முறுக்கி, விட்டால் பிரிந்துவிடும் என்று பல்லால் கடித்து இறுக்கி வளைத்தாள். தங்கேஸ்வரனால் அதைப் பார்க்க முடியவில்லை, ஐஸ்கிரீம் வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று வாசலுக்கு ஓடினான். இரட்டை உசுருக்கு இரட்டையாப் போடணும் என்று ஒவ்வொரு சுமங்கலியும் இரண்டு இரண்டு தடவை போட்டார்கள். முழங்கை வரை ஏறிவிட்டது. பிள்ளை பிறக்கிற வரைக்கும் கழற்றக் கூடாது, அந்தச் சத்தம் உள்ளே கேட்கும், அதைக் கேட்டுத்தான் பிள்ளை அம்மாவை அடையாளம் பிடிக்கும் என்றார்கள். கலா கையை ஆட்டி ஆட்டிக் கேட்க வைத்தாள். அன்றைக்கு அவள் இருந்த மாதிரி அவன் எட்டு வருஷத்தில் பார்த்ததில்லை. அந்த ஒருநாள் போதுமே, அதற்காகத்தானே, யாராக இருந்தாலும் அப்படித்தானே செய்திருப்பார்கள் என்று கேட்டுப் பார்த்தான்.

ஆடு. காலையிலிருந்து அது வந்து வந்து நிற்கிறது, போ போ என்று விரட்டிக்கொண்டே இருக்கிறான். பலகையைப் படிக்கலாம். கேட்பது குற்றம், சொல்வது குற்றம். சொல்லாமல் இருப்பது எந்தப் பலகையில் இருக்கிறது. ஆடு இரண்டு, வெள்ளாடு, ஒன்று கறுப்பு ஒன்று செவலை, கம்பத்துப் பக்கம் அவன் சின்னப் பையனாக இருந்தபோது அம்மா வாரத்துக்கு, போடுகிற குட்டியில் ஆளுக்குப் பாதி என்று, வாங்கி வளர்த்தவை. மேய்ச்சலுக்குக் கட்டினால் தனித்தனி முளை அடித்துத்தான் கட்ட வேண்டும், ஒரே முளையில் இரண்டு ஆட்டைக் கட்டாதே என்று ஊரில் நண்டுசிண்டுக்கும் தெரியும். அப்பா அன்றைக்கு இன்னொரு முளை அடிக்கச் சோம்பல்பட்டு ஒன்றிலேயே இரண்டையும் கட்டிவிட்டுச் சீட்டாடப் போய்விட்டார். அதுகள் ஒன்றும் சண்டை போடவில்லை. மேய்ந்தன, அவ்வளவுதான், ஒன்று இந்தப் பக்கம் போனது, மற்றது அந்தப் பக்கம் போனது, திரும்பி வந்தது, புல் எங்கே பச்சையாக இருக்கிறதோ அங்கே போனது. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கயிறு இரண்டும் ஒரே கயிறு போல முறுக்கிக்கொண்டு கிடந்தன, செவலை படுத்திருந்தது, கறுப்பு அதன் பக்கத்தில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பா வந்து பார்த்தார், கயிற்றை அறுத்து எறிந்தார், பாம்பு கடிச்சிருச்சுடி என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா நம்பி வேலியெல்லாம் பாம்பைத் தேடினாள். அவன் கூடவே தேடினான். கயிற்றைப் பார்த்தவன்தான், ஆனாலும் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு புதரைத் தட்டித் தட்டிப் பாம்பைத் தேடினான், பிறகு கொஞ்ச நாளில் பாம்பு இருந்ததாகவே ஆகிவிட்டது, சாம்பல் நிறத்தில், இவ்வளவு நீளம். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது. உள்ளே ஒன்றும் சண்டை போட்டிருக்காது. விளையாடியிருக்கும். வளையல் சத்தம் கேட்டுத் திரும்பியிருக்கும், அந்தப் பக்கம் போயிருக்கும், இந்தப் பக்கம் வந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அத்தனை வளையல் சத்தம் கேட்டு எத்தனை தடவை திரும்பியிருக்கும். இதை நினைக்காதே. நினைக்காதே என்றால் போய்விடுமா.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. வளையல் இல்லை. ஸ்கேன் மிஷினில் இதயத்துடிப்பைக் கேட்க வைத்திருக்கிறார்கள், குதிரை ஓடுகிற மாதிரி டக்டக்டக்டக் என்று பெரிய சத்தமாக வந்தது. தங்கேஸ்வரன் பாதி எழுந்துவிட்டான். கேட்டுச்சா மாப்ள, எம்பேரனோ பேத்தியோ என்று பாண்டியம்மாள் அந்தச் சின்னப் பெண்ணின் தொடையில் தட்டினாள். அது ஒன்று. அது வாலு, வாலுவாகத்தான் இருக்கும், அந்த வேகம் அதற்குத்தான் உண்டு. சத்தம் நின்றது. இப்போது மிஷினை நகர்த்துவார்கள், இடப்பக்கம் கொண்டுபோவார்கள். காத்திருந்தான். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை முனகியது, இவ்வளவு நேரம் முனகியதா என்று தெரியவில்லை. சின்னப் பெண் பாட்டிலைத் திருகினாள், சும்மா இரும்மா என்று கத்த வேண்டும் போல இருந்தது. பிறகு வந்தது. டக்டக்டக்டக். வந்துவிட்டது, இரண்டாவது, இரண்டும் இருக்கிறது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, திங்கட்கிழமை எதற்கு, இன்றைக்கே மதுரை, இந்தச் சட்டையோடயே மதுரை, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், காலில் விழுந்து சொல்லிவிடுகிறேன். சத்தம் நின்றது. ஆனால் அதே வேகம் அல்லவா? முதலில் கேட்டதையே திரும்பக் கேட்டால் இப்படித்தானே இருக்கும். மிஷினை நகர்த்தினார்களா, நகர்த்தாமலே திரும்ப வைத்தார்களா, வாசலில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எப்படித் தெரியும். மூன்றாவது தடவையும் வந்தது, அதே குதிரை. இரண்டு குழந்தைக்கு எதற்கு மூன்று தடவை. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. எந்த வார்த்தை எதற்குப் பக்கத்தில் உட்காரும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், ஒரே சத்தத்தை எண்ணத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

சிஸ்டர் கதவைத் திறந்து, சார், நீங்க மட்டும் வாங்க என்றது. பாண்டியம்மாளும் எழுந்தாள், நீங்க இருங்கம்மா என்றது. அவள் பிளாஸ்கை அவனிடம் நீட்டினாள், அவளுக்கு ஒரு வாய் காபி குடுங்க மாப்ள, வெறும் வயித்தோட வந்துருச்சு. அவன் அதை வாங்கிக்கொண்டே உள்ளே போனான். முதல் அறையில் டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார், கையுறையைக் கழற்றிக்கொண்டே. திரைக்கு அந்தப் பக்கம் கலாவின் கால் விரல்கள் மட்டும் தெரிந்தன, மருதாணி வைத்த விரல்கள். டாக்டரம்மா தாழ்ந்த குரலில் இங்கிலீஷில் சொன்னார், அன்றைக்கு மாதிரியே, அவனுக்கு மட்டும். ஒரு குழந்தைக்குத் துடிப்பு இல்லை. இன்னொன்று இருக்கிறது, ஆனால் இறங்கி ஏறுகிறது, ஆம்புலன்சுக்குச் சொல்லியாகிவிட்டது, மதுரையில் பேசியாகிவிட்டது, போனதும் எடுத்துவிடுவார்கள், அதற்கு மேல் சொல்ல முடியாது. பிறகு தமிழுக்கு வந்தார். அன்னிக்கே சேரச் சொன்னேனே சார், ஏன் சேரலை. அவன் பிளாஸ்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மூஞ்சியைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது போல, சேர்ந்திருந்தாலும் காப்பாத்தியிருக்கலாம்னு உறுதியாச் சொல்ல முடியாதுதான் என்றார். நீங்களே அவங்ககிட்ட பக்குவமாச் சொல்லுங்க என்றார். திரும்பவும் அதே வேலை. நாலு எட்டு வைத்தால் திரை, அந்த நாலு எட்டுக்குள் வாய் தன் வேலையைத் தொடங்கிவிட்டது, ஒரு வாக்கியம் தயாராகிக்கொண்டிருந்தது, நல்ல வாக்கியம், ஒன்று தூங்கிவிட்டது, ஒன்று அதற்கும் சேர்த்து முழித்திருக்கிறது, சேர்ந்திருந்தாலும் சொல்ல முடியாதாம் டாக்டரே சொன்னார். இன்னும் கொஞ்சம் மெழுகினால் அதிலும் அழகு வந்துவிடும். தன்னுடைய வாயைக் கண்டு அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

கலா மல்லாந்து படுத்திருந்தாள். வயிற்றில் களிம்பு காயாமல் மினுங்கியது. இரண்டு கையையும் தலைக்கு மேலே கம்பியைப் பிடித்தபடி வைத்திருந்தாள், வளையல் எல்லாம் முழங்கைப் பக்கம் இறங்கிக் கிடந்தன. அவனைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான்.

"கதை வேண்டாங்க" என்றாள். "எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க."

"ஒண்ணு."

அவள் கண்ணை மூடினாள். மூடின கண்ணிலிருந்து காதுப்பக்கம் வழிந்தது, துடைக்கவில்லை. மிஷின் விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"கொடி சுத்திக்கிட்டு இருக்குன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். "சேலை கட்டும்போது அந்தச் சிஸ்டரைக் கேட்டேன், சொல்லிருச்சு. நீங்க வெளியில வந்து கைய கோத்துக் காட்டுனீங்க. உங்க மூஞ்சியப் பார்த்தேன். இவரு தாங்க மாட்டாரு போலன்னு விட்டுட்டேன். எப்படியும் டாக்டரம்மாகிட்ட எல்லாம் கேட்டு வச்சிருப்பீங்க, கேட்டுட்டுத்தான் வளைகாப்புக்குச் சரின்னீங்கன்னு நினைச்சேன்." கண்ணைத் திறந்தாள். "இப்ப அவங்க என்னையப் பார்த்து, ஏம்மா நீ சேரலைன்னு கேட்டாங்க. முன்னாடியே வந்து சேரச் சொன்னாங்களா?"

சேர்ந்திருந்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, அது பொய்கூட இல்லை.

"சொன்னாங்க" என்றான்.

வெளியே ஆம்புலன்ஸ் பின்பக்கமாக வந்து நிற்கிற சத்தம் கேட்டது. சிஸ்டர் துணியைக் கொடுத்துவிட்டுப் போனது, அவன் களிம்பைத் துடைத்தான், வலப்பக்கம் துடைத்தபோது கைக்கு அடியில் ஒன்று புரண்டு உதைத்தது. இடப்பக்கம் துடைக்கப் போனவனிடமிருந்து கலா துணியை வாங்கிக்கொண்டாள், அந்தப் பக்கத்தை அவளே துடைத்தாள், மெதுவாக, ரொம்ப நேரம். ஏழு மாசத்து வயிற்றோடு யார் கையாவது இல்லாமல் எழுந்திருக்க முடியாது, அவன் கையை நீட்டினான். அவள் விரலைக் கோத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி அவன் மணிக்கட்டைப் பிடித்து எழுந்தாள். எழுந்ததும் விட்டுவிட்டாள். வளையல் அத்தனையும் சரிந்து கைக்கு இறங்கின, அந்தச் சத்தம் கேட்டு வெளியே பாண்டியம்மாள், எந்திரிச்சிருச்சு போல என்று யாரிடமோ சொன்னது கதவு வழியாகக் கேட்டது.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள் கலா. "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்."